ஹல் துறைமுகம் யாருடைய சொத்து? இங்கிலாந்து உள்நாட்டுப் போரின் முதல் மோதல்

1642 ஜனவரி 10ஆம் தேதி முதலாம் சார்ல்ஸ் மன்னர் குடும்பத்தோடு லண்டனை விட்டு வெளியேறினார். அதற்கு ஆறு நாள் முன்புதான், ஆயுதம் தாங்கிய ஆட்களுடன் மக்களவைக்குச் சென்று ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்ய முயன்று, அவர்கள் முன்கூட்டியே தப்பிவிட்டதால் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். தலைநகரத்து மக்கள் அவருக்கு எதிராகத் திரண்டுவிட்ட நிலையில், லண்டன் கோபுரத்தில் இருந்த நாட்டின் மிகப்பெரிய ஆயுதக் கிடங்கும் அவர் கைக்கு எட்டாமல் போயிற்று. மறுநாளே அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. வடக்கே யார்க்ஷயரின் கடைக்கோடியில், ஹம்பர் கழிமுகத்தில் இருந்த ஹல் என்ற துறைமுக நகருக்கு நியூகாசில் பிரபுவை ஆளுநராக நியமித்து அனுப்பினார். ஏறத்தாழ அதே நேரத்தில் நாடாளுமன்றமும் அந்த ஊருக்குத் தன் சார்பில் ஓர் ஆளுநரை நியமித்தது. முறைப்படி போர் தொடங்க இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. ஆனாலும் எந்த ஊரை முதலில் கைப்பற்ற வேண்டும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

ஹல்லில் அப்படி என்ன இருந்தது? 1639இலும் 1640இலும் சார்ல்ஸ் தம் மற்றொரு நாடான ஸ்காட்லாந்தின் மீது இரண்டு முறை படையெடுத்துத் தோற்றிருந்தார். அந்தப் போர்களுக்காக வாங்கிய பீரங்கிகளும் துப்பாக்கிகளும் வெடிமருந்தும் வடக்கே கொண்டுசெல்லப்பட்டு, படைகள் கலைக்கப்பட்ட பின் ஹல்லிலேயே சேர்த்து வைக்கப்பட்டன. சுமார் 120 பீரங்கிகள், ஆயிரக்கணக்கான வெடிமருந்துப் பீப்பாய்கள், 16,000 முதல் 20,000 பேருக்குப் போதுமான ஆயுதங்கள் என்று அந்தக் கிடங்கின் கணக்கைச் சொல்வார்கள். நிரந்தரப் படையே இல்லாத நாடு அது. ஊர்க்காவல் படைகள் வைத்திருந்த பழைய ஆயுதங்களைத் தவிர, உடனே ஒரு படையைத் திரட்டி நிறுத்த வேண்டுமென்றால் லண்டன் கோபுரத்துக்கு அடுத்தபடியாக ஹல் ஒன்றுதான் வழி. சார்ல்ஸுக்கு இது நன்றாகத் தெரியும். 1639இல் அவரே அங்கு நேரில் சென்று, மதில்களையும் கிடங்கையும் பார்வையிட்டு, ஊராரின் உற்சாக வரவேற்பையும் பெற்றுத் திரும்பியவர்.

கிடங்கு மட்டுமே காரணம் என்று நிறுத்திக்கொண்டால் கதையில் பாதி விடுபட்டுப்போகும். ஹல் ஐரோப்பாவை நோக்கி முகம் திருப்பிய துறைமுகம். பால்டிக் கடல் நாடுகளுக்கும் நெதர்லாந்துக்கும் துணியும் ஈயமும் போன வழி அது. 1642 பிப்ரவரி இறுதியில் அரசி ஹென்றியெட்டா மரியா அரச நகைகளோடு ஹாலந்துக்குக் கப்பலேறினார். மகளைக் கணவர் வீட்டில் விடப் போவதாக வெளியில் சொல்லிக்கொண்டாலும், நகைகளை அடகு வைத்து ஆயுதம் வாங்குவதே உண்மையான நோக்கம். வாங்கிய ஆயுதங்களைக் கொண்டுவந்து இறக்கப் பாதுகாப்பான ஒரு துறைமுகம் வடகிழக்குக் கரையில் வேண்டும். யார்க்கில் தங்கத் திட்டமிட்டிருந்த மன்னருக்கு மிக அருகில் இருந்ததும் ஹல்தான்.

ஊரின் அமைப்பையும் சற்றுக் கவனிக்க வேண்டும். ஹல் ஆறு வடக்கிலிருந்து வந்து ஹம்பர் கழிமுகத்தில் கலக்கும் மூலையில், ஆற்றின் மேற்குக் கரையில் ஊர் இருந்தது. கிழக்கே ஆறு, தெற்கே மைல் கணக்கில் அகன்ற ஹம்பர். மீதமிருந்த மேற்கிலும் வடக்கிலும் பதினான்காம் நூற்றாண்டில் செங்கல்லால் எழுப்பிய மதிலும் அதன் முன்னே அகழியும். 1541இல் இங்கு வந்த எட்டாம் ஹென்றி, ஆற்றின் கிழக்குக் கரையில் ஒரு கோட்டையும் இரண்டு காவல் அரண்களும் கட்ட உத்தரவிட்டார். கப்பல்கள் நிற்கும் துறை முழுவதும் அவற்றின் பீரங்கிகளின் கண்காணிப்பில் வந்தது. சுற்றுப்புறம் முழுவதும் தாழ்ந்த நிலம். கரைகளும் மதகுகளும் இல்லாவிட்டால் பெருவெள்ள ஓதத்தின்போது ஹம்பர் நீர் வயல்களில் ஏறிவிடும். முற்றுகையிட வருகிறவன் அந்தச் சேற்றில்தான் பதுங்குகுழி வெட்டியாக வேண்டும். ஊருக்குள் இருப்பவனுக்கோ மதகைத் திறந்துவிடும் வேலை ஒன்றுதான். ஆனால் இந்த வலிமைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. உணவும் ஆட்களும் ஹம்பர் வழியாக வந்துகொண்டே இருக்க வேண்டும். கடற்படை எவரிடம் இருக்கிறதோ அவர் பக்கம் ஹல் நிற்கும் என்பதை நிலப்படமே சொல்லிவிடும். சார்ல்ஸ் அந்தப் படத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்பதே என் எண்ணம். அவர் ஹல்லைக் கடலோடு சேர்த்துப் பார்க்கவில்லை. யாராவது ஒருவர் உள்ளிருந்து திறந்துவிட வேண்டிய ஒரு கதவாகவே கடைசிவரை பார்த்தார். அடுத்த ஒன்றரை ஆண்டில் நடந்தவற்றில் பெரும்பகுதி இந்தப் பார்வையின் விளைவு.

முதல் முயற்சி ஜனவரியிலேயே முடிந்துபோனது. நியூகாசில் பிரபு தம் பெயரைச் சர் ஜான் சாவேஜ் என்று மாற்றிச் சொல்லிக்கொண்டு ஊருக்குள் வந்தார். யார் என்பது வெகு விரைவில் வெளிப்பட்டுவிட்டது. நாடாளுமன்றம் நியமித்த ஆளுநர் சர் ஜான் ஹோத்தமின் மகன், கேப்டன் ஜான் ஹோத்தம், யார்க்ஷயர் ஊர்க்காவல் படையோடு வாயிலில் வந்து நின்றார். மேயர் ஹென்றி பர்னார்டுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் இரு தரப்பையுமே உள்ளே விட விருப்பமில்லை. வியாபாரிகளின் ஊர் அது. எந்தப் படை வந்து தங்கினாலும் சாப்பாட்டுச் செலவு ஊராரின் தலையில்தான் விழும் என்பதை ஸ்காட்லாந்துப் போர்க் காலத்தில் அவர்கள் பார்த்திருந்தார்கள். கடைசியில் லண்டனிலிருந்து வந்த மிரட்டல் மன்னரின் கடிதத்தை வென்றது. ஹோத்தமின் படை உள்ளே வந்தது. நியூகாசில் பிரபு திரும்பிப்போனார்.

ஹோத்தமுக்கு நாடாளுமன்றம் கொடுத்திருந்த கட்டளையின் வாசகம் முக்கியமானது. இரு அவைகளின் வழியாகத் தெரிவிக்கப்படும் மன்னரின் ஆணை இல்லாமல் ஊரையோ கிடங்கையோ எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது என்பது அதன் சாரம். மன்னரின் பெயரால் மன்னரையே வெளியே நிறுத்தும் இந்த ஏற்பாடு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அன்றைய நாடாளுமன்றத்தார் தங்களைக் கலகக்காரர்களாக ஒருபோதும் கருதியதில்லை. மன்னர் தீய ஆலோசகர்களின் பிடியில் இருக்கிறார், அவரது உண்மையான அதிகாரம் இரு அவைகளில் குடிகொண்டிருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

சர் ஜான் ஹோத்தம் இந்த நுட்பமான வாதத்தைத் தாங்கி நிற்கும் அளவுக்குக் கொள்கைப் பிடிப்புள்ளவர் என்று சொல்ல முடியாது. 1589இல் பிறந்தவர், ஹல்லுக்கு வடக்கே உள்ள பெவர்லி என்ற ஊரின் தொகுதியைப் பலமுறை மக்களவையில் பிரதிநிதித்துவப்படுத்தியவர், பழம்பெருமையிலும் குடும்ப கௌரவத்திலும் ஊறிய நிலப்பிரபு. 1635இல் யார்க்ஷயர் ஷெரீஃபாக இருந்தபோது, நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் மன்னர் விதித்த கப்பல் வரியை வசூலித்துக் கொடுத்தவரும் அவரே. 1639இல் ஹல்லின் ஆளுநர் பதவியிலிருந்து மன்னர் அவரை நீக்கினார். அதன் பின் அதே கப்பல் வரியைக் கட்ட மறுத்து எதிர்ப்பாளர்களோடு சேர்ந்துகொண்டார். நாடாளுமன்றத்துக்கு அவர் தேவைப்பட்டது அவருடைய கொள்கைக்காக அல்ல. அந்த வட்டாரத்தில் அவருக்கிருந்த செல்வாக்குக்காகவும் மன்னர்மீது அவருக்கிருந்த மனக்கசப்புக்காகவும்தான். மனக்கசப்பை நம்பி ஒருவரிடம் கோட்டையை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பது பின்னர் தெரியவந்தது.

மார்ச் 19ஆம் தேதி சார்ல்ஸ் யார்க் வந்து சேர்ந்தார். ஏப்ரல் 22, சந்தை நாள். மன்னரின் எட்டு வயது மகன் யார்க் கோமகன் ஜேம்ஸும் மன்னரின் சகோதரி மகனான பாலட்டினேட் இளவரசரும் சில பிரபுக்களோடு ஊரைப் பார்க்க வந்தார்கள். மேயரும் ஹோத்தமும் அவர்களை வரவேற்று விருந்து வைத்தார்கள். மறுநாள் காலை சர் லூயிஸ் டைவ் என்பவர் குதிரையில் வந்து, மன்னரும் பகலுணவுக்கு வருகிறார் என்று ஹோத்தமிடம் சொன்னார். அரச குடும்பத்துச் சிறுவன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான், தந்தை மகனோடு சாப்பிட வருகிறார், அதை எப்படி மறுப்பது? கணக்கு நன்றாகவே போடப்பட்டிருந்தது. ஹோத்தம் ஹல் தொகுதியின் மக்களவை உறுப்பினர் பெரிகிரின் பெல்லமைக் கலந்தாலோசித்தார். தூக்குப்பாலத்தை உயர்த்தி, வாயில்களைச் சாத்தி, வீரர்களை மதிலில் நிறுத்த முடிவாயிற்று. இந்த ஆலோசனை ஊரின் நடுவே உள்ள ஒயிட் ஹார்ட் மதுக்கடையின் மாடியறையில் நடந்ததாக ஒரு கதை உண்டு, அறையையும் காட்டுவார்கள். அந்தக் கட்டடம் இந்தச் சம்பவத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துக் கட்டப்பட்டது என்பதுதான் அக்கதையின் சிக்கல்.

மன்னர் சுமார் 300 குதிரைவீரர்களோடு ஹல் மதிலின் பெவர்லி வாயிலுக்கு வந்தபோது நிகழ்ந்ததை, பின்னாளில் மன்னர் தரப்பின் பெரிய வரலாற்றாசிரியரான கிளாரண்டன் விவரிக்கிறார். மதில்மேல் தோன்றிய ஹோத்தம் நிலைகுலைந்து, பித்துப் பிடித்தவர்போல் காணப்பட்டாராம். நாடாளுமன்றம் தம்மீது வைத்த நம்பிக்கையைப் பற்றிக் குழறினாராம். முழந்தாளிட்டு, தாம் மன்னருக்கு விசுவாசமான குடிமகனாக இல்லாவிட்டால் கடவுள் தம்மையும் தம் வம்சத்தையும் அழிக்கட்டும் என்று சொன்னாராம். அவ்வளவும் சொல்லிவிட்டு, உள்ளே விட முடியாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட்டாராம். கிளாரண்டனுக்கு ஹோத்தமைக் கோழையாகக் காட்டும் அக்கறை உண்டு என்பதைக் கழித்துக்கொண்டு படித்தாலும், மதில்மேல் பூனை என்று நாம் சொல்வது இவருக்குப் பொருந்துவதைப்போல் வேறு எவருக்கும் பொருந்தாது. சிறிய பரிவாரத்தோடு மட்டும் வருகிறேன் என்று மன்னர் இறங்கி வந்தும் பலனில்லை. மாலைவரை காத்திருந்துவிட்டு, ஹோத்தம் ஒரு ராஜத்துரோகி என்று கட்டியக்காரர்களைக் கொண்டு வாயிலிலேயே பறைசாற்றச் செய்து, சார்ல்ஸ் பெவர்லிக்குத் திரும்பினார். உள்ளே இருந்த மகனையும் மற்றவர்களையும் பிறகு வெளியே விட்டார்கள்.

ஒரு துப்பாக்கிகூட வெடிக்காத அந்த நாள் அடுத்த சில வாரங்களில் அறிக்கைப் போராக மாறியது. இந்த விவகாரத்திலேயே ஆழமான பகுதி அதுதான் என்று நினைக்கிறேன். மன்னரின் வாதம் எளிமையானது, கேட்பவரை உடனே தொடக்கூடியது. ஊர் என்னுடையது, ஆயுதங்கள் என் பணத்தில் வாங்கியவை, ஒரு குடிமகனுக்குத் தன் வீட்டின் மீதும் நிலத்தின் மீதும் உள்ள உரிமை எனக்கு என் ஊரின் மீது இல்லையா? என் வாயிலை என்னிடமே சாத்தலாம் என்றால் நாளை எவருடைய வீட்டுக்குப் பாதுகாப்பு இருக்கும்? அதற்கு வரலாற்று ஆதாரமும் இருந்தது. 1293இல் முதலாம் எட்வர்டு மன்னர் இந்தத் துறையை ஒரு மடாலயத்திடமிருந்து பெற்று, 1299இல் நகர உரிமைச் சாசனம் வழங்கியிருந்தார். நிலவுடைமையாளர்கள் நிறைந்த மக்களவைக்குச் சங்கடமான வாதம் இது. சட்டத்துக்குப் புறம்பாக மன்னர் குடிமக்களின் சொத்தில் கைவைக்கிறார் என்பதுதான் பத்தாண்டுகளாக அவர்கள் சொல்லிவந்த குற்றச்சாட்டு. அதே ஆயுதத்தை அவர் இப்போது அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

மே 26ஆம் தேதி நாடாளுமன்றம் வெளியிட்ட நீண்ட பதிலறிக்கை இதை நேராக எதிர்கொண்டது. நாட்டின் நகரங்களும் கோட்டைகளும் ஆயுதங்களும் மன்னருக்குத் தனிச் சொத்து அல்ல. அவை மக்களின் பாதுகாப்புக்காக, மக்களின் பொருட்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்டவை. ஒப்படைக்கப்பட்ட பொருளை அதன் நோக்கத்துக்கு எதிராகப் பயன்படுத்த முனைந்தால் அதைத் தடுக்கும் பொறுப்பு நாடாளுமன்றத்துக்கு உண்டு. ஹோத்தமைத் துரோகி என்று அறிவித்தது நாடாளுமன்றத்தின் உரிமையை மீறிய செயல் என்றும் இரு அவைகளும் தீர்மானித்தன. அதற்கு முன்பே, மார்ச் 5ஆம் தேதி, மன்னரின் கையொப்பமின்றியே ஊர்க்காவல் படைகளைத் தங்கள் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் கட்டளையை அவை நிறைவேற்றியிருந்தன. ஆனால் அது காகிதம். ஹல்லில்தான் அந்தக் கோட்பாடு ஒரு மூடிய கதவாக நாட்டு மக்களின் கண்முன் நின்றது. அரசாங்கத்தின் உடைமை அரசருடைய உடைமையா, நாட்டினுடையதா என்ற கேள்வியை அதுவரை இங்கிலாந்தில் இவ்வளவு அப்பட்டமாக எவரும் கேட்க நேர்ந்ததில்லை.

வாதம் நடந்துகொண்டிருக்க, நாடாளுமன்றம் காரியத்தையும் பார்த்தது. மே மாதத்தில் கிடங்கின் பெரும்பகுதியைக் கப்பல்களில் ஏற்றி லண்டன் கோபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். யார்க்கில் அமர்ந்திருந்த மன்னரால் அதைத் தடுக்க எதுவும் செய்ய முடியவில்லை. அந்த இழப்பின் அளவு அக்டோபர் 23ஆம் தேதி எட்ஜ்ஹில் போர்க்களத்தில் தெரிந்தது. மன்னரின் காலாட்படையில் தடியைத் தவிர வேறு ஆயுதம் இல்லாதவர்களும் சில நூறு பேர் நின்றதாகக் கிளாரண்டனே எழுதுகிறார்.

கிடங்கு போன பின்னும் துறைமுகத்தின் மதிப்பு குறையவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் அரசி ஹாலந்திலிருந்து அனுப்பிய பிராவிடன்ஸ் என்ற கப்பல், நாடாளுமன்றக் கப்பல்களின் துரத்தலில் சிக்கி, ஹல்லுக்குக் கிழக்கே கெயிங்காம் அருகே ஆழமற்ற ஓடை ஒன்றில் புகுந்து தரைதட்டியது. அதிலிருந்த ஆயுதங்கள் மன்னரின் ஆட்களிடம் வந்து சேர்ந்தன. ஏறக்குறைய அதே நாள்களில், ஜூலை 2ஆம் தேதி, வாரிக் பிரபு நாடாளுமன்றத்தின் பெயரால் கடற்படையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பெரும்பாலான கப்பல் தலைவர்கள் மறுப்பின்றி அவருக்குக் கட்டுப்பட்டார்கள். கப்பல் வரி போட்டு, அதனால் நாட்டையே பகைத்துக்கொண்டு, சார்ல்ஸ் வளர்த்தெடுத்த கடற்படை அது. ஹல்லின் தலைவிதி முடிவானது பெவர்லி வாயிலில் என்று பலரும் எழுதுவார்கள். என்னைக் கேட்டால் ஜூலை 2 என்றே சொல்வேன்.

மன்னருக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மீதமிருந்தது. அதுவும் ஒரு மனிதரைப் பற்றியதே. மன்னரின் நெருங்கிய ஆலோசகரான டிக்பி பிரபு, கடலில் நாடாளுமன்றக் கப்பலிடம் பிடிபட்டு, பிரெஞ்சுக்காரராக நடித்துக்கொண்டு ஹல்லுக்குக் கைதியாக வந்தார். பிறகு ஹோத்தமைத் தனியே சந்தித்துத் தாம் யார் என்பதை அவரே சொல்லி, மன்னர் பக்கம் வருமாறு பேசினார். ஹோத்தம் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மன்னர் தக்க படையோடு வந்தால், நாலு குண்டு விழுந்த பின் கௌரவமாகச் சரணடைந்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டதாகவே கிளாரண்டன் வரலாறு கூறுகிறது. அதை நம்பிச் சார்ல்ஸ் ஜூலையில் சுமார் 4,000 பேரோடு பெவர்லிக்கு வந்தார். ஆனால் ஹோத்தமின் மனத்தை ஓரளவு ஊகித்திருந்த நாடாளுமன்றம், ஸ்காட்லாந்துக்காரரான சர் ஜான் மெல்ட்ரம் என்ற தேர்ந்த படைத்தலைவரை ஏற்கெனவே உள்ளே அனுப்பியிருந்தது. அவர் பக்கத்தில் இருக்கையில் ஹோத்தமால் வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. மதகுகள் திறக்கப்பட்டன, கரைகள் வெட்டப்பட்டன, வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் ஏரியாயின. கப்பல்கள் ஹம்பர் வழியாகப் புதிய வீரர்களைக் கொண்டுவந்து இறக்கின. அவர்களோடு மெல்ட்ரம் வெளியே பாய்ந்து, ஊருக்கு மேற்கே முற்றுகையாளர்கள் வெடிமருந்து வைத்திருந்த இடத்தை அழித்தார். மன்னர் யார்க் திரும்பினார். பொறுப்பில் விட்டுச்சென்ற லிண்ட்சி பிரபுவும் சில நாளில் முற்றுகையைக் கைவிட்டுப் பின்தொடர்ந்தார். ஆகஸ்ட் 22ஆம் தேதி நாட்டிங்காமில் சார்ல்ஸ் போர்க்கொடி ஏற்றியபோது அவரிடம் ஹல்லும் இல்லை, ஹல்லின் ஆயுதங்களும் இல்லை.

இந்தத் தோல்வி அவரை முழுவதுமாக முடக்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜூன் மாதத்திலேயே நியூகாசில் பிரபு டைன் நதிக்கரையிலிருந்த நியூகாசில் துறைமுகத்தை மன்னருக்காகப் பிடித்துவிட்டார். ஹாலந்து ஆயுதங்களுக்கு அது ஒரு வழியாயிற்று. 1643 பிப்ரவரியில் அரசியே பிரிட்லிங்டனில் கரையிறங்கினார். நாடாளுமன்றக் கப்பல்கள் அவர் தங்கியிருந்த இடத்தின்மேல் குண்டு வீசியும் ஆயுதங்கள் யார்க் போய்ச் சேர்ந்தன. ஆக, ஹல் கிடைக்காததால் மன்னர் ஆயுதமில்லாமல் தோற்றார் என்று சொல்வது மிகை. தொடக்க மாதங்களில், மிகவும் தேவைப்பட்ட வேளையில், அவருக்கு ஆயுதப் பஞ்சம் ஏற்பட்டது என்பதே சரி. ஹல்லின் உண்மையான விலை 1643 கோடையில்தான் தெரிந்தது.

அந்தக் கோடையில் நியூகாசில் பிரபுவின் படை யார்க்ஷயர் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்தது. ஹோத்தம் தந்தையும் மகனும் அவரோடு ரகசியக் கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். ஃபேர்ஃபாக்ஸ் பிரபு நாடாளுமன்றப் படைக்குத் தங்களுக்கு மேல் தளபதியாக நியமிக்கப்பட்டது இருவருக்கும் பிடிக்கவில்லை. சாதாரண மக்கள் ஆயுதம் ஏந்திக் கிளம்புவதும் அவர்களுக்கு அச்சமூட்டியது. ஜூன் மாதத்தில் மகன் நாட்டிங்காமில் கைதாகித் தப்பி வந்தார். ஜூன் 29ஆம் தேதி அதிகாலை, மேயர் தாமஸ் ரெய்க்ஸும் ஊராரும் முந்திக்கொண்டார்கள். ஹம்பரில் நின்ற ஹெர்குலிஸ் என்ற கப்பலின் தலைவர் மோயர் தம் மாலுமிகளை இறக்கிக் கோட்டையையும் காவல் அரண்களையும் கைப்பற்றினார். மகன் ஹோத்தம் பிடிபட்டார். குதிரையேறித் தப்பிய தந்தை, பெவர்லியில் அடையாளம் காணப்பட்டு, அடித்து வீழ்த்தப்பட்டுக் கைதானார். மறுநாள், ஜூன் 30ஆம் தேதி, பிராட்ஃபோர்டு அருகே ஆடுவால்டன் மூர் என்ற இடத்தில் ஃபேர்ஃபாக்ஸின் படை நியூகாசிலிடம் சிதறடிக்கப்பட்டது. யார்க்ஷயரில் நாடாளுமன்றத்துக்கு மிஞ்சிய பெரிய புகலிடம் ஹல் ஒன்றுதான். ஊரார் இரண்டு நாள் தாமதித்திருந்தால் அதுவும் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே.

தோற்றுப்போன ஃபேர்ஃபாக்ஸின் மகன் சர் தாமஸ், தம் சின்னஞ்சிறு மகளைக் குதிரையில் தூக்கிக்கொண்டு இரவும் பகலும் ஓடினார். செல்பியில் மணிக்கட்டில் குண்டு பாய்ந்தது. குழந்தை வழியில் துவண்டு மயங்கியது. ஹம்பரின் தென்கரைக்கு வந்து சேர்ந்தபின், ஹல்லிலிருந்து வந்த கப்பல் அவர்களை அக்கரைக்கு எடுத்துச் சென்றது. பின்தங்கிப் பிடிபட்ட அவர் மனைவியை நியூகாசில் பிரபு தமது கோச்சு வண்டியிலேயே மரியாதையாக ஹல்லுக்கு அனுப்பிவைத்தார். அந்தப் போரில் இத்தகைய நாகரிகங்கள் அவ்வப்போது தலைகாட்டின. தந்தை ஃபேர்ஃபாக்ஸ் ஹல்லின் புதிய ஆளுநரானார்.

செப்டம்பர் 2ஆம் தேதி நியூகாசில் பிரபு பெரும்படையோடு ஊரை முற்றுகையிட்டார். நன்னீர் வரும் வழிகளை அடைத்தார். பீரங்கி மேடைகள் அமைத்து, உலையில் காய்ச்சிய செந்தணல் குண்டுகளை ஊருக்குள் எறிந்தார். செப்டம்பர் 14ஆம் தேதி ஃபேர்ஃபாக்ஸ் மதகுகளைத் திறக்க, முற்றுகைப் பள்ளங்களில் நீர் நிரம்பியது. ஹம்பர் மட்டும் திறந்தே கிடந்தது. அந்த மாத இறுதியில் நாடாளுமன்றப் படைத்தலைவர்களில் ஒருவரான ஆலிவர் குரோம்வெல், ஹம்பரின் தென்கரை மாவட்டமான லிங்கன்ஷயரிலிருந்து படகில் வந்து ஃபேர்ஃபாக்ஸோடு பேசிவிட்டுப் போனார். முற்றுகைக்குள் பயனின்றித் தீவனத்துக்குத் தவித்த குதிரைப் படையை, சர் தாமஸின் தலைமையில் கப்பல்களில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பினார்கள். அந்தக் குதிரைகள் குரோம்வெல்லின் படையோடு சேர்ந்து அக்டோபர் 11ஆம் தேதி வின்ஸ்பி என்ற இடத்தில் மன்னர் படையை முறியடித்தன. அதே நாளில் ஹல்லில் மெல்ட்ரம் வீரர்களும் ஊராரும் மாலுமிகளுமாகச் சுமார் 1,500 பேரோடு வெளியே பாய்ந்து, முற்றுகையாளர்களின் பீரங்கிகளைக் கைப்பற்றினார். மறுநாள் நியூகாசில் பிரபு முற்றுகையை விலக்கிக்கொண்டார். முற்றுகையிடப்பட்ட ஊரே அண்டை மாவட்டப் போருக்குக் குதிரைப்படை அனுப்பியது என்பதைப் பார்த்தால், அந்த முற்றுகை எவ்வளவு ஓட்டையானது என்று விளங்கும்.

வடக்கு, மேற்கு, மையம் ஆகிய மூன்று படைகளும் ஒரே நேரத்தில் லண்டனை நெருங்க மன்னர் திட்டமிட்டிருந்தார், ஹல் அதைக் கெடுத்தது என்று பழைய நூல்கள் சொல்லும். அப்படியொரு முழுத்திட்டம் இருந்ததற்கான சான்று வலுவற்றது என்று பின்வந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. திட்டம் இருந்ததோ இல்லையோ, விளைவு ஒன்றுதான். தங்கள் வீடுகளுக்குப் பின்னால் எதிரியின் காவற்படை ஒன்றை விட்டுவிட்டுத் தெற்கே வரமாட்டோம் என்று யார்க்ஷயர் பிரபுக்கள் அடம்பிடித்தார்கள். வடக்கின் வலிமையான படை ஆறு வாரம் ஹல்லின் சேற்றில் நின்றுவிட்டு, கிழக்கு மாவட்டங்களை எட்டாமலே திரும்பியது. ஜனவரி 1644இல் ஸ்காட்லாந்துப் படை நாடாளுமன்றத்தின் துணைக்கு எல்லை தாண்டி வந்தபின் தெற்கே போகும் பேச்சுக்கே இடமில்லை.

ஹோத்தம்கள் இருவரும் ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்று டவர் ஹில்லில் தலை வெட்டப்பட்டார்கள்: மகன் 1645 ஜனவரி 1ஆம் தேதி, தந்தை மறுநாள். மன்னர் ஒருமுறை துரோகி என்று அறிவித்தவரை நாடாளுமன்றம் அதே குற்றத்துக்காகக் கொன்றது. ஏப்ரல் 23இல் அவருக்கு ஆலோசனை சொன்ன பெரிகிரின் பெல்லம், 1649 ஜனவரியில் சார்ல்ஸின் மரண ஆணையில் கையொப்பமிட்டவர்களில் ஒருவரானார். அந்த விசாரணையில் வாசிக்கப்பட்ட குற்றப்பத்திரிகை, சட்டப்படி ஆளும் வரம்புக்குட்பட்ட அதிகாரம் சார்ல்ஸிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டிருந்தது என்று தொடங்கியது. 1642 மே மாத அறிக்கையின் வாதமே அது. மன்னர் தம் மக்கள்மீது போர் தொடுத்த இடங்களை வரிசைப்படுத்தியபோது அது நாட்டிங்காமில் ஏற்றிய கொடியை முதலில் வைக்கவில்லை. ஹல்லை முற்றுகையிட அவர் தங்கியிருந்த பெவர்லியையே முதலில் வைத்தது.